பழைய வண்டியில் பெரிய ஆயில் ஃபில்டர்: அறிகுறியை வைத்துக் கோளாறு பிடிப்பது

வண்டிக்கு விதித்த ஃபில்டரைவிட ஒரு சுற்று பெரிதாகவோ இரண்டு விரற்கடை நீளமாகவோ ஒன்றைப் போடுவது பழைய வண்டிக்காரர்களிடம் வெகுநாளாக இருக்கும் பழக்கம். ஒரே மரை, ஒரே கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) அளவில் குட்டை டப்பாவும் நெட்டை டப்பாவும் பல தயாரிப்பாளர்களிடம் உண்டு. இடம் இருந்தால் நெட்டையைப் போடலாம். உள்ளே மடிப்புத் தாளின் பரப்பு கூடும், அழுக்கைத் தாங்கும் அளவு கூடும், குளிர்ந்த கெட்டி ஆயில் தாளைக் கடக்கும்போது உண்டாகும் தடை குறையும். லாபம் இவ்வளவுதான். ஆயில் பிரஷர் ஏறும், எஞ்சின் சத்தம் அடங்கும், ஆயில் மாற்றும் இடைவெளியை இரட்டிப்பாக்கலாம் என்றெல்லாம் யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

மாற்றிய பிறகு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை டப்பாவின் பருமனால் வருபவை அல்ல. மரை, கேஸ்கெட் உட்காரும் இடம், உள்ளிருக்கும் வால்வுகள், சுற்றியுள்ள இடைவெளி ஆகியவற்றில் ஏதோ ஒன்று ஒத்துப்போகவில்லை என்பதுதான் காரணமாக இருக்கும். மாற்றுவதற்கு முன்பே இருந்த கோளாறு என்றால், பெரும்பாலும் அதற்கும் ஃபில்டருக்கும் சம்பந்தமே இருக்காது. எனவே கீழே எந்த அறிகுறியைப் படித்தாலும் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது எப்போது தொடங்கியது?

கையால் திருகும்போதே ஆடுகிறது, அல்லது இரண்டு சுற்றில் பிடித்துக்கொள்கிறது

அங்கேயே நிறுத்துங்கள். ஸ்டார்ட் செய்து பார்த்துத் தெரிந்துகொள்ளும் விஷயமல்ல இது.

பழைய வண்டிகளில் திரும்பத் திரும்ப வரும் மரைகள் ஐந்தாறுதான். முக்கால் அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 16 மரை, 13/16 அங்குல விட்டத்தில் அதே 16 மரை, மெட்ரிக்கில் எம்18, எம்20, எம்22 (எண் மில்லிமீட்டரில் விட்டம்). மெட்ரிக் மூன்றுக்கும் மரை இடைவெளி வழக்கமாக 1.5 மி.மீ. மில்லிமீட்டரில் சொன்னால் முக்கால் அங்குலம் 19.05, 13/16 அங்குலம் 20.64. அங்குலத்துக்கு 16 மரை என்றால் இடைவெளி சுமார் 1.59 மி.மீ. இந்த எண்கள் இவ்வளவு பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுதான் ஆபத்து. எம்20 ஸ்டட்டில் (எஞ்சின் உடலான பிளாக்கிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரைக்கம்பி) 20.64 மி.மீ. ஃபில்டர் ஏறிவிடும். கொஞ்சம் தளர்வாக ஏறும், கேஸ்கெட் அமுங்கியதும் இறுகிவிட்டது போலக் கைக்குத் தெரியும். ஆனால் பிடித்துக்கொண்டிருப்பது மரைகளின் நுனி மட்டும். குளிர்ந்த எஞ்சினில் பிரஷர் உச்சத்துக்குப் போகும்போது அந்தப் பிடி விட்டால் சம்ப்பில் (எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) இருக்கும் ஆயில் முழுவதும் சற்று நேரத்தில் தரைக்கு வந்துவிடும்.

சோதிப்பது எளிது. கழற்றிய பழைய ஃபில்டரை மறுபடி வெறும் கையால் ஏற்றி, கேஸ்கெட் பிளாக்கைத் தொடும் வரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். புதியதையும் அப்படியே எண்ணுங்கள். நான்கைந்து முழுச் சுற்றாவது ஏற வேண்டும். பாதி ஏறிய நிலையில் டப்பாவை இருபுறமும் அசைத்தால் இரண்டும் ஒரே அளவு ஆட வேண்டும். பழையதைவிடப் புதியது தெளிவாக அதிகம் ஆடினால், பெட்டியின் மேல் என்ன எழுதியிருந்தாலும் அது உங்கள் ஃபில்டர் அல்ல.

ஒரே எஞ்சின் என்பதால் மரையும் ஒன்றுதான் என்று நம்ப வேண்டாம். ஜீப்பின் 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினில் தொடக்க ஆண்டுகளில் எம்20 மரை இருந்தது. 90-களின் தொடக்கத்தில் முக்கால் அங்குலமாக மாறியது. கை மாறி வந்த வண்டியில் எஞ்சினே மாறியிருக்கலாம், அடாப்டர் மட்டும் மாறியிருக்கலாம். ஆண்டை நம்புவதைவிட ஸ்டட்டை வெர்னியரில் அளப்பது மேல்.

பழைய ஃபில்டரோடு ஸ்டட்டும் சேர்ந்து கழன்று வருவதும் உண்டு. புதிய ஃபில்டரில் அதைத் திருகி அப்படியே ஏற்றிவிடாதீர்கள். ஸ்டட்டை எடுத்துச் சுத்தம் செய்து, மரை பூட்டும் பசை ஒரு துளி விட்டு, முதலில் பிளாக்கில் இறுக்குங்கள். ஃபில்டர் அதற்குப் பிறகு.

கேஸ்கெட் ஓரத்தில் கசிவு

முதலில் கசிவது உண்மையில் ஃபில்டர்தானா என்று பாருங்கள். பழைய எஞ்சினில் மேலிருந்து வரும் ஆயில் எல்லாம் வழிந்து தங்கும் இடம் ஃபில்டரின் தோள். வால்வு கவர் கேஸ்கெட், ஆயில் பிரஷர் சுவிட்ச், அடாப்டருக்குப் பின்னால் இருக்கும் கேஸ்கெட் எல்லாம் தங்கள் பழியை ஃபில்டர் மேல் போடும். அந்தப் பகுதியைக் கழுவித் துடைத்து, டால்கம் பவுடரை மெல்லியதாகத் தூவி, சில நிமிடம் ஓடவிடுங்கள். ஈரக்கோடு எங்கே தொடங்குகிறது என்பது பவுடரில் தெரியும். சுவிட்சில் தொடங்கினால் அதை மாற்றுங்கள், ஃபில்டரை விட்டுவிடுங்கள்.

ஃபில்டரில்தான் தொடங்குகிறது என்றால், மாற்றியவுடன் பெருக்கெடுத்த கசிவா, நாள்பட்டு வந்த துளித்துளிக் கசிவா என்று பிரித்துக்கொள்ள வேண்டும். உடனே பெருக்கெடுத்தால் முதல் சந்தேகம் இரட்டை கேஸ்கெட். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதன் மேல் புதியது உட்காரும். கையில் இறுக்கமாகத்தான் இருக்கும், பிரஷர் வந்ததும் ஒன்று வழுக்கி வெளியே வரும். கழற்றிய ஃபில்டரில் வளையம் இருக்கிறதா என்று பார்க்காமல் தூக்கிப் போடாதீர்கள்.

துளித்துளியாகக் கசிந்தால், பெரிய ஃபில்டருக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. டப்பா அகலமானால் கேஸ்கெட்டின் விட்டமும் பல சமயம் அகலமாகும். பிளாக்கில் கடைந்து மட்டமாக்கிய வளையம் பழைய கேஸ்கெட்டின் அளவுக்குத்தான் இருக்கும். புதிய கேஸ்கெட்டின் வெளி ஓரம் அந்த மட்டத்தைத் தாண்டி வார்ப்பின் சொரசொரப்பில் உட்கார்ந்தால் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. புதிய கேஸ்கெட்டில் மெல்லிய மை தடவி, பிளாக்கில் தொடுமளவு திருகிக் கழற்றிப் பாருங்கள். மைவளையம் முழுவதும் கடைந்த பரப்புக்குள் விழ வேண்டும், ஓரத்தில் சில மி.மீ. மிச்சமும் இருக்க வேண்டும். அப்படி விழவில்லை என்றால் கேஸ்கெட் அளவு மாறாமல் நீளம் மட்டும் கூடிய ஃபில்டரைத் தேடுங்கள். என்னைக் கேட்டால், பெரிதாக்குவது என்று முடிவெடுத்தால் எப்போதும் நீளத்தில் பெரிதாக்குங்கள், அகலத்தில் வேண்டாம். பாதித் தொல்லை அங்கேயே போய்விடும்.

இறுக்கும் அளவு: கேஸ்கெட்டில் புது ஆயில் தடவி, தொட்டபின் முக்கால் சுற்றிலிருந்து ஒரு சுற்று வரை, கையால். டப்பாவிலேயே வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதன்படி. பெரிய டப்பாவில் பிடி வசமாகக் கிடைப்பதால் கை தானாகவே அதிகம் இறுக்கிவிடும். அதன் பலன் அடுத்த முறை கழற்றும்போது தெரியும்.

ஸ்டார்ட் செய்ததும் சில நொடி கடகடவென்று சத்தம்

ஃபில்டர் மாற்றிய முதல் ஸ்டார்ட்டில் மட்டும் என்றால் அது கோளாறல்ல. காலி டப்பாவை ஆயில் நிரப்பி முடித்த பிறகுதான் பேரிங்குக்குப் போகும். பெரிய டப்பா என்றால் அந்த நேரம் கொஞ்சம் கூடும். ஃபில்டர் செங்குத்தாக, திறந்த பக்கம் மேலே இருக்கும்படி பொருந்தும் வண்டியில் முன்கூட்டியே ஆயில் ஊற்றி ஏற்றலாம். படுக்கைவசமாகப் பொருந்துவதில் பாதிதான் ஊற்ற முடியும். தலைகீழாகப் பொருந்துவதில் அதற்கும் வழியில்லை. அப்போது இக்னிஷனையோ எரிபொருளையோ துண்டித்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரை மட்டும் இடைவெளி விட்டு விட்டுச் சுற்றினால் போதும். வெடிப்பு இல்லாததால் பேரிங் மேல் சுமை குறைவு.

ஒவ்வொரு காலையும் சத்தம் வருகிறது, பழைய ஃபில்டரில் வராது என்றால் ஆன்டி டிரெயின்பேக் வால்வைப் பாருங்கள். அடித்தட்டின் ஓட்டைகளுக்குள் எட்டிப் பார்த்தால் தெரியும் ரப்பர் சவ்வுதான் அது. ஆயில் உள்ளே வர விடும், எஞ்சின் நின்றதும் பின்னோக்கி வடிய விடாது. சாதாரண நைட்ரைல் ரப்பர் சூட்டில் நாளாக ஆக விறைத்து ஓரம் தூக்கிக்கொள்ளும். சிலிக்கான் சவ்வு நெகிழ்வாகவே இருக்கும். நிறத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். கறுப்பு பெரும்பாலும் நைட்ரைல், ஆரஞ்சு பெரும்பாலும் சிலிக்கான் என்றாலும் சாயத்தை யாரும் சேர்க்கலாம். விவரப் பட்டியலில் எழுதியிருப்பதுதான் கணக்கு.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. டப்பா கீழே தொங்கும்படி பொருந்தும் வண்டிகளுக்காகச் செய்த சில ஃபில்டர்களில் இந்தச் சவ்வே இருக்காது. அங்கே தேவையும் இல்லை, ஆயில் தானாகவே டப்பாவுக்குள் நிற்கும். மரையும் கேஸ்கெட்டும் ஒத்துப்போகிறது என்று அப்படிப்பட்ட ஒன்றைப் படுக்கைவசமான இடத்தில் மாட்டினால் இரவெல்லாம் வடிந்து காலையில் பாதி டப்பா காலியாக இருக்கும்.

உறுதிசெய்ய: முதல் நாள் மாலை வண்டியை ஓட்டி நிறுத்துங்கள். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்யாமல் ஃபில்டரை மெதுவாகக் கழற்றுங்கள். படுக்கைவசமாக இருந்தது கனமாக, ஆயில் வழிய வழிய வந்தால் சவ்வு வேலை செய்கிறது. லேசாக வந்தால் செய்யவில்லை. வேலை செய்தும் சத்தம் வருகிறதா? அப்படியானால் ஆயில் பேரிங் இடுக்குகள் வழியாகவும் பம்ப் வழியாகவும் இறங்குகிறது. சவ்வால் அதைத் தடுக்க முடியாது. தேய்ந்த எஞ்சினில் அதற்கு ஃபில்டரில் மருந்தில்லை. ஆயிலின் கிரேடு கையேட்டில் சொன்னதுதானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆயில் விளக்கு சிமிட்டுகிறது, பிரஷர் மீட்டர் கீழே நிற்கிறது

பெரிய ஃபில்டர் வாங்கப் பலரைத் தூண்டுவது இந்த அறிகுறிதான். அது இதைத் தீர்க்காது. ஆயில் பம்ப் ஒரு சுற்றுக்கு இவ்வளவு ஆயில் என்று தள்ளும் வகை. அந்த ஆயில் பேரிங் இடுக்குகளில் புகுந்து வெளியேறும்போது சந்திக்கும் தடைதான் பிரஷராகத் தெரிகிறது. சூடான ஆயில் நல்ல ஃபில்டரைக் கடக்கும்போது இழக்கும் பிரஷர் சில பி.எஸ்.ஐ. (பிரஷரை அளக்கும் அலகு) மட்டுமே. பேரிங் தேய்ந்து இடுக்கு அகன்றிருந்தால் நீங்கள் வாளி அளவுக்கு ஃபில்டர் மாட்டினாலும் ஐட்லிங்கில் முள் ஏறாது.

முதலில் சுவிட்சை நம்பாமல் அந்த ஓட்டையிலேயே ஒரு மெக்கானிக்கல் மீட்டரை மாட்டி அளந்துவிடுங்கள். விளக்கு சுவிட்சுகளில் பெரும்பாலானவை 4 முதல் 7 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போனால்தான் விளக்கை எரியவிடும். எனவே சூடான ஐட்லிங்கில் சிமிட்டல் என்பது லேசான எச்சரிக்கை அல்ல. நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று வேகத்துக்கு 10 பி.எஸ்.ஐ. என்பது பழைய எஞ்சின்களுக்குச் சொல்லப்படும் தோராயக் கணக்கு. உங்கள் எஞ்சினின் கையேடு வேறு சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மாற்றிய அதே நாளில் பிரஷர் விழுந்தால் கதை வேறு. ஆயில் அளவு, கிரேடு இரண்டையும் பாருங்கள். ரிமோட் கிட் போட்டு ஃபில்டரை வேறு இடத்துக்கு நகர்த்தியிருந்தால் ஹோஸ்களைப் பாருங்கள். ஸ்பின்-ஆன் ஃபில்டரில் (டப்பாவோடு முழுதாகத் திருகி மாற்றும் வகை) ஆயில் ஓரத்து ஓட்டைகள் வழியாக நுழைந்து நடு ஓட்டை வழியாக வெளியேறும். உள்வழியும் வெளிவழியும் மாறியிருந்தால் ஆயில் நடுவில் நுழைந்து ஓரத்தில் வெளியேறப் பார்க்கும். ஆன்டி டிரெயின்பேக் சவ்வு அதை அடைத்துக்கொள்ளும். மீட்டர் அசையவே அசையாது. முள் 10 நொடியில் எழவில்லை என்றால் எஞ்சினை அணையுங்கள். இன்னும் கொஞ்சம் விட்டுப் பார்ப்போம் என்பதில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) போய்விடும்.

டப்பா உப்பியிருக்கிறது

தரமற்ற ஃபில்டர் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் யோசியுங்கள். எஞ்சினின் ரிலீஃப் வால்வு வழக்கமாக 40 முதல் 80 பி.எஸ்.ஐ.க்குள் திறந்து உபரி ஆயிலைத் திருப்பிவிடும். ஒழுங்கான ஃபில்டர் டப்பா 200 பி.எஸ்.ஐ.க்கு மேலும் வெடிக்காது. ஆகவே டப்பா உப்பினாலோ கேஸ்கெட் பிதுங்கி வெளியே வந்தாலோ ரிலீஃப் வால்வு மூடிய நிலையில் சிக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பிஸ்டனில் பசை, ஸ்பிரிங்கில் துரு, உள்ளே சிக்கிய துகள் என எதுவாகவும் இருக்கலாம். புது ஃபில்டர் மாட்டி அப்படியே ஓட்டினால் அதுவும் உப்பும். தடிமனான தகட்டில் செய்த ரேஸ் ஃபில்டர் மாட்டினால் உப்பாது, ஆனால் அந்த அழுத்தம் பம்பின் டிரைவ் மீது போகும். ரிலீஃப் வால்வைக் கழற்றிக் கழுவுங்கள். ஸ்பிரிங் நீளத்தைக் கையேட்டோடு ஒப்பிடுங்கள்.

ஆயில் சீக்கிரம் கறுக்கிறது, ஃபில்டரை வெட்டினால் தாள் சுத்தமாக இருக்கிறது

கறுப்பு மட்டும் என்றால் கவலை வேண்டாம். கரித்தூள் தாளின் துளையைவிட மிகச் சிறியது, டீசலில் ஒரே நாளில் கறுக்கும். பெரிய ஃபில்டர் நுணுக்கமாக வடிகட்டும் என்பதும் இல்லை. அதே தாள் என்றால் அதே வடிகட்டும் திறன்தான், தாங்கும் அழுக்கு மட்டும் கூடும். திறனை ஒப்பிட வேண்டுமானால் ஐ.எஸ்.ஓ. 4548-12 சோதனையில் எத்தனை மைக்ரான் துகளில் எத்தனை சதவீதம் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். மைக்ரான் மட்டும் எழுதிச் சதவீதம் எழுதாத பெட்டி ஒன்றும் சொல்லவில்லை.

தாள் சுத்தமாக இருந்து எஞ்சினுக்குள் கசடு சேர்ந்தால்தான் சந்தேகம். ஆயில் தாளைச் சுற்றிக்கொண்டு போகிறது. அப்படிப் போக வழிவிடுவது பைபாஸ் வால்வு, தாளுக்கு முன்னும் பின்னும் உள்ள பிரஷர் வேறுபாட்டால் திறப்பது. மீட்டரில் தெரியும் மொத்தப் பிரஷருக்கும் அதற்கும் தொடர்பில்லை. பொதுவாக 8 முதல் 16 பி.எஸ்.ஐ. வேறுபாட்டில் திறக்கும். பல சுபாரு எஞ்சின்களின் ஃபில்டரில் இது 23 அளவில் இருக்கும். அதற்குப் பதிலாக 10-இல் திறப்பதை மாட்டினால் கொஞ்சம் ரேஸ் செய்தாலே வடிகட்டாத ஆயில் ஓடும்.

வால்வு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். செவர்லேயின் பழைய ஸ்மால் பிளாக் வி8-இல் பைபாஸ் பிளாக்கிலேயே இருக்கிறது, அதற்கான ஃபில்டரில் வால்வு தேவையில்லை. அங்கே வால்வுள்ள ஃபில்டரை மாட்டினால் பெரிய நஷ்டமில்லை, இரண்டில் சீக்கிரம் திறப்பது முதலில் திறக்கும். தலைகீழாகச் செய்தால்தான் விபரீதம். பிளாக்கில் பைபாஸ் இல்லாத எஞ்சினுக்கு வால்வில்லாத ஃபில்டர் போட்டால், குளிரில் கெட்டியான ஆயிலோ அடைத்த தாளோ வழியை மூடும்போது மாற்று வழி இருக்காது. தாள் நசுங்கும், நடுக்குழாய் மடியும், பேரிங் காயும். மரை ஏறுகிறது, கேஸ்கெட் பொருந்துகிறது என்பதால் மட்டும் ஒரு பெரிய ஃபில்டரை ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஸ்பின்-ஆன் வருவதற்கு முந்தைய வண்டிகளில் கிண்ணமும் நடு போல்ட்டும் உள்ளே மாற்றும் எலிமென்ட்டும் (வடிகட்டும் பகுதி) இருக்கும். அதில் எலிமென்ட்டுக்குக் கீழே ஒரு ஸ்பிரிங், தட்டு, வாஷர் அடுக்கு உண்டு. எப்போதோ யாரோ கழுவும்போது அதில் ஒன்று பழைய எலிமென்ட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போயிருக்கும். அன்றிலிருந்து எலிமென்ட் மேல்தட்டில் அழுந்தாமல் சும்மா நின்றுகொண்டிருக்கும். இந்த வண்டிகளுக்கு ஸ்பின்-ஆன் மாற்றும் அடாப்டர் போடுவதை நான் ஆதரிப்பேன், பெரிய ஃபில்டர் ஆசையும் அதிலேயே தீரும்.

வெட்டுவதற்கு ஃபில்டர் கட்டரைப் பயன்படுத்துங்கள். ஹேக்ஸா போட்டால் அதன் இரும்புத்தூளையே எஞ்சினின் தேய்மானம் என்று எண்ணி இரவு தூக்கம் போகும். மடிப்பை விரித்து ஆயிலை வடியவிட்டுப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டுவது இரும்பு, ஒட்டாமல் செம்பு நிறத்தில் மின்னுவது பேரிங்கின் உள் அடுக்கு அல்லது புஷ், வெள்ளி நிறத்தில் ஒட்டாதது பிஸ்டனாகவோ பேரிங்காகவோ இருக்கலாம். ரப்பர் துணுக்கு போல இருந்தால் யாரோ சீலன்ட்டை அள்ளி அப்பியிருக்கிறார்கள்.

டிப்ஸ்டிக்கில் அளவு சரியில்லை

பெரிய டப்பா கால் லிட்டர் வரை கூடுதலாகக் குடிக்கலாம். கையேட்டில் சொன்ன அளவை ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, அணைத்துச் சில நிமிடம் பொறுத்து அளந்து, குறைவதை மட்டும் ஊற்றுங்கள். ஸ்டார்ட் செய்யுமுன் அளந்து மேல்கோடு வரை நிரப்பினால் பிறகு குறைந்ததாகத் தெரியும். அதற்குப் பயந்து முன்கூட்டியே அரை லிட்டர் கூட ஊற்றினால் கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கும்.

உரசல், தட்டல், பக்கத்தில் சூடு

எஞ்சின் நின்ற நிலையில் விரல் நுழைகிறது என்பது போதாது. ரப்பர் மவுன்ட்டில் எஞ்சின் முறுக்கும், சஸ்பென்ஷன் முழுவதும் அமுங்கும், ஸ்டியரிங் ராடு இரு கோடிக்கும் போகும். சந்தேகமான இடத்தில் டப்பாவின் மேல் களிமண் உருண்டை ஒட்டி, ஸ்டியரிங்கைக் கோடி வரை திருப்பி, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கியரில் எஞ்சினைச் சற்று முறுக்கவிட்டுப் பாருங்கள். முன்னால் யாரும் நிற்க வேண்டாம். நசுங்கிய பிறகும் உருண்டை 12 மி.மீ. தடிமனுக்குக் குறையாமல் நின்றால் நல்லது. ஸ்டார்ட்டர் மோட்டாரின் பாசிட்டிவ் முனைக்கு அருகில் டப்பா போனால் விலகியே நில்லுங்கள், உரசினால் நேரடி ஷார்ட். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் என்றால் தகட்டுக் கவசம் வேண்டும். கீழே தொங்கும் வகையில், சம்ப்பையோ கிராஸ்மெம்பரையோ விடத் தாழ்வாக டப்பா வந்தால் நெட்டையை மறந்துவிடுங்கள். கல்லில் சம்ப் பட்டால் நசுங்கும், ஃபில்டர் பட்டால் கிழியும்.

கழற்ற வரவில்லை

ஸ்குரூடிரைவரை டப்பாவில் குத்தித் திருப்பும் வித்தை மெல்லிய தகட்டைச் சுருள் சுருளாகக் கிழிக்கத்தான் உதவும். பெல்ட் வகை ரெஞ்ச் அல்லது மூன்று கால் ரெஞ்ச் போதும். பெல்ட்டை டப்பாவின் நடுவில் போடாமல் அடித்தட்டுக்கு அருகில் போடுங்கள், அங்கேதான் தகடு உறுதி. எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது முயலுங்கள்.

நெட்டை டப்பாவில் வரும் வேறொரு சிக்கல்: மரையிலிருந்து விடுபட்டும் வெளியே எடுக்க வழியில்லாமல் போவது. ஸ்டட்டின் நீளத்தைத் தாண்டி நேராக இறங்க இடம் வேண்டும், பிறகு சாய்த்து வெளியே கொண்டுவரவும் இடம் வேண்டும். மாட்டும்போது காலி டப்பாவை எப்படியோ நுழைத்திருப்பீர்கள், கழற்றும்போது அதில் முக்கால் லிட்டர் சூடான ஆயில் இருக்கும். புதியது வாங்கியதும், ஆயில் ஊற்றுமுன், ஒருமுறை முழுவதும் திருகிக் கழற்றி வெளியே எடுத்துப் பாருங்கள். ஸ்டார்ட்டரையோ ஸ்டியரிங் ராடையோ கழற்றினால்தான் வரும் என்றால் குட்டை டப்பாவையே மாட்டிவிடுங்கள்.